கரையில் நடப்பவர்களும் ஊர்தான்

சுங்குவார்சத்திரத்தில் ஆற்றங்கரை நடைபாதை என்று பேச்செடுத்தால், ‘இங்கே ஆறு எங்கே இருக்கிறது?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை திருவள்ளூர்–வாலாஜாபாத் சாலை வெட்டிக்கொண்டு போகிற நாற்சந்தி அது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளம் பெண்களும் ஆண்களும் டீக்கடை வாசலிலும் பெட்டிக்கடை ஓரத்திலும் நிற்பார்கள். நிற்பதற்கு வேறு இடம் கிடையாது. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு ஒரு விடுதிக் குடியிருப்பை 2024-இல் திறந்திருக்கிறார்கள். அது போக, சுற்றியிருக்கும் ஊர்களில் மாடிக்கு மாடி தகர ஷீட் போட்டு எழுப்பிய வாடகை அறைகள். இத்தனை பேரும் வேலை முடிந்த பிறகு காலாற நடக்க, இந்த வட்டாரத்தில் யாரும் ஒரு பாதை போட்டு வைக்கவில்லை.

ஆறு கண்ணில் படாவிட்டாலும் ஆற்றுநீர் போகிற வழி இருக்கிறது. பாலாற்று நீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை கொண்டுவருவதற்காகப் பழங்காலத்தில் வெட்டியது கம்பன் கால்வாய். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாறு. அந்த அடையாறே பிறப்பது இதே வட்டாரத்தின் மலைப்பட்டு, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்தும் ஆதனூர் ஏரியிலிருந்தும் வழிகிற நீரில்தான். 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்த வெள்ளத்தில் இந்தப் பகுதியின் மழையும் கலந்திருந்தது. மாவட்டம் 2019-இல் பிரிவதற்கு முன், பொதுப்பணித் துறையின் கையில் இருந்த ஏரிகள் மட்டுமே காஞ்சிபுரம் மாவட்டத்தில் 900-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை, வரத்துக்கால்வாய், கலங்கல், கலங்கலிலிருந்து கிளம்பும் உபரிநீர்க் கால்வாய். இந்தக் கரைகள் எல்லாமே மனிதர் நடப்பதற்கு ஏற்றவைதான். மண்வெட்டியோடு நடந்த உழவர்கள் போய்விட்டார்கள், அவர்களுக்குப் பதிலாக இன்னும் யாரும் வரவில்லை. ஆள் நடக்காத கரையில் சீமைக்கருவேலம் ஏறும். அதன் மறைவில் குப்பை லாரி வரும். குப்பை மேடான இடத்துக்கு ஒருநாள் பட்டா கேட்டு ஆள் வருவார்.

அதனால், கரையைக் காப்பதற்கு முதல் வேலை அதில் மனிதரை நடக்க வைப்பது என்பது என் வாதம். நடைபாதையைப் பொழுதுபோக்கு வசதியாக, அழகுபடுத்தும் செலவாகப் பார்ப்பதே நம் வழக்கம். தினமும் 200 பேர் நடக்கும் கரையில் ராத்திரி லாரியை நிறுத்திக் கழிவைக் கொட்டிவிட்டுப் போவது கஷ்டம். கொட்டினாலும் விடிவதற்குள் செய்தி பரவிவிடும். ஆனால் நடக்கிறவருக்கு அந்தக் கரையில் ஒரு பாத்தியதை வேண்டும். நடந்துவிட்டுப் போகிறவர் வெறும் வாடிக்கையாளர். கணக்குக் கேட்கவும் புகார் எழுதவும் உரிமை கிடைத்தால்தான் அவர் காவலர் ஆவார். சுங்குவார்சத்திரம் போன்ற ஊரில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். இங்கே நடக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள்.

அந்தச் சிக்கலுக்குள் போவதற்கு முன், தன்னார்வத் தொண்டு என்றதும் நம் மனதில் வரும் காட்சியைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே நிற டி-ஷர்ட், கையுறை, பேனர், எட்டரை மணிக்குக் குழுப்படம், பொங்கல்–வடை. அன்றைக்கு அள்ளும் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் பிரியாணி கட்டிய அலுமினியத் தாள், மதுப்புட்டி, தெர்மாகோல் தட்டு, குட்கா உறை, பூஜை முடித்து ஆற்றில் விடும் சாமி படங்கள் எல்லாம் இருக்கும். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அதே சரக்கு. கொட்டுகிறவர் தினமும் வருகிறார், அள்ளுகிறவர் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறார். மரக்கன்று நடும் விழாக்களின் கதையும் இதேதான். நடுவதற்கு வந்த கூட்டத்தில் பாதியாவது சித்திரை வெயிலில் குடத்தோடு வந்திருந்தால் தமிழ்நாடு இந்நேரம் காடாகியிருக்கும். (2024-இல் காவிரிக்கரையில் ஒரு கோடி பனை விதை நடும் இயக்கத்தைத் தொடங்கியவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பனைக்கு யாரும் குடத்தோடு வர வேண்டியதில்லை.)

இதற்கு நேர் எதிரான உதாரணம் கோவையில் இருக்கிறது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2017-இல் பேரூர் பெரியகுளத்தில் ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்கள். நொய்யலிலிருந்து குளங்களுக்குப் போகும் வாய்க்கால்களில் அடைந்து கிடந்த பிளாஸ்டிக்கையும் புதரையும் எடுத்தார்கள். வெகுகாலம் காய்ந்து கிடந்த வெள்ளலூர் குளத்துக்கு மறுபடி தண்ணீர் வந்தது. பிறகு அதே கரையில் அடர்வனம் வைத்தார்கள், பட்டாம்பூச்சிகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். வேலை செய்தவர்களில் கல்லூரி மாணவர், ஐ.டி. ஊழியர், ஓய்வு பெற்றவர் என எல்லா வகையினரும் உண்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, கிழமையும் நேரமும் மாறவில்லை என்பதுதான் இதில் முக்கியம். புதிதாக ஒருவர் சேர வேண்டுமானால் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். ஞாயிறு காலை போனால் ஆட்கள் இருப்பார்கள்.

சென்னையின் தெற்கில் சிட்லபாக்கம் இன்னொரு பாடம். 2019 கோடையில் நகரமே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, அந்தப் பகுதி மக்கள் வார இறுதிகளில் ஏரிக்குள் இறங்கிக் குப்பையும் செடியும் அகற்றினார்கள். அது செய்தியானது, அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. கரையைப் பலப்படுத்தி நடைபாதையும் போட்டார்கள். மக்களின் மண்வெட்டி அள்ளிய சேறு கொஞ்சம்தான். அதைக் காட்டி அரசிடமிருந்து வாங்கிய பணம் மிகப் பெரிது. ஆனால் வீடுகளின் கழிவுநீர் ஏரிக்குள் வருவது பற்றிய புகார் அதன் பிறகும் ஓயவில்லை. நடைபாதையில் நடப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் புகாரை விடாமல் எழுதுகிறார்கள் என்பதே எனக்கு நல்ல சகுனமாகப் படுகிறது. நடைபாதை இல்லாதிருந்தால் அந்த நாற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ‘வரி கட்டுகிறோம். ஏரியும் கால்வாயும் அரசின் சொத்து. நாங்கள் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்?’ இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் வரலாறு இந்தக் கேள்வியின் பக்கம் நிற்கிறது. குடிமராமத்து என்று நாம் பெருமையாகப் பேசும், ஊரார் கூடி ஏரியைப் பேணும் வழக்கத்தையே, 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டுக் கட்டாய உழைப்பாக்கியது ஆங்கிலேய அரசு. கரை உடையும் ஆபத்து வந்தால் குடிகள் வேலைக்கு வந்தே ஆக வேண்டும், வராதவருக்குத் தண்டனை. அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலமும் எல்லாருக்கும் இனிமையானதாக இருக்கவில்லை. மதகைத் திறந்து மூடவும், கரையைச் சுற்றி வந்து பார்க்கவும், ராத்திரி மழையில் விளக்கோடு கலங்கலில் நிற்கவும் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அறுவடையில் அவருக்கென்று ஒரு பங்கு நெல் உண்டு. அதாவது, அந்தக் கால ஏரியும் தொண்டு உள்ளத்தை மட்டும் நம்பிக் கிடக்கவில்லை. கூலி வாங்கும் ஒருவரின் தினசரி உழைப்பில் நின்றது. விவசாயம் சுருங்கி, நெல்லில் பங்கு நின்றதும் நீர்க்கட்டி போனார். கரையும் அவரோடு போனது.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் சரி. கழிவுநீரைத் தடுத்துச் சுத்திகரிப்பது, தூர் வாருவது, மதகைச் செப்பனிடுவது, ஆக்கிரமிப்பை எடுப்பது எல்லாம் அரசின் வேலை. இவற்றைக் கையுறை போட்ட மாணவர்களிடம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பது அரசுக்கு அழகில்லை. தினசரி கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சம்பளத்தோடு ஆள் வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பதும், பதிவதும், கேள்வி கேட்பதும், புதியவருக்கு வழிகாட்டுவதும் நடப்பவர்களுடையது. சிங்கப்பூரில் இந்த வரிசை தெளிவாகத் தெரிகிறது. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ ஆற்றைச் சுத்தமாக்கப் பத்தாண்டுக் கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகளும் கரையோரத் தொழில்களும் இடம் மாறின, சாக்கடை இணைப்புகள் வந்தன, 1987-இல் சிங்கப்பூர் ஆறு சுத்தமானது. தன்னார்வலர்களின் நீர்வழிக் கண்காணிப்புச் சங்கம் தோன்றியது அதற்குப் பிறகு, 1998-இல். அதன் உறுப்பினர்கள் வார இறுதிகளில் சைக்கிளிலும் படகிலும் ஆற்றைச் சுற்றி வருகிறார்கள், மிதக்கும் குப்பையை எடுக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். கனமான வேலையை அரசு முடித்துக் கொடுத்ததால்தான் அவர்களுடைய லேசான வேலைக்குப் பலன் இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களையும் அவற்றின் கரைப்பாதைகளையும் 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அங்கே மதகுகளில் தொண்டர்கள் நிற்கிறார்கள், கூடவே சம்பள ஊழியர்களும் இருக்கிறார்கள்.

நம் அரசு இதை முயன்றதே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 மார்ச் 13 அன்று குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இதே வட்டாரத்தின் மணிமங்கலம் ஏரி. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கை, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ, பாசன விவசாயிகள் தர வேண்டும் என்பது ஏற்பாடு. தஞ்சைப் பக்கத்தில் இது பொருந்தலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் பல ஏரிகளின் ஆயக்கட்டான பாசன நிலமே சிப்காட் தொழிற்பேட்டையாகவும் மனைப்பிரிவாகவும் மாறிவிட்டது. இங்கே பாசன விவசாயி யார்? ஏரி இருக்கிறது, ஏரியால் பிழைத்த சங்கம் இல்லை. ஏரியைத் தினமும் பார்க்கக்கூடியவர், ராத்திரி ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளி. அவருக்கு இந்தச் சட்டதிட்டங்கள் எதிலும் பெயர் இல்லை.

இந்த விலக்கலுக்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டு முன்மாதிரி உண்டு. தெற்கே இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் ஏரி வாரியம் தனியாக உண்டு, உறுப்பினர் ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை. இன்றைய எந்தத் தன்னார்வக் குழுவும் இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டால் போதும், பாதிச் சண்டை வராது. அதே கல்வெட்டு, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கணக்குக் கேட்கும் விதியைக் கைவிட்டுவிட்டோம், சொந்த வீடு கேட்கும் விதியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஊராட்சிக் கூட்டத்தில் ‘வாடகைக்கு இருக்கிற பையனுக்கு இதிலே என்னப்பா?’ என்று ஒருவர் கேட்டால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் இருக்கட்டும், விழுப்புரத்திலிருந்து வந்து ஆறு வருஷமாகத் தங்கியிருக்கும் பெண்ணுக்கே வாக்கு சொந்த ஊரில்தான்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலையில்லாதவர்கள், இன்றைக்கு இருப்பார்கள் நாளைக்குப் போவார்கள், அவர்களை நம்பி எப்படி என்பது ஊர்க்காரர்களின் மறுப்பு. ஆள் மாறுவது உண்மைதான். ஆனால் மாறும் ஆட்களை வைத்தே தொடர்ந்து நடக்கும் அமைப்புகளை நாம் அறிவோம்: கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு மாணவரும் இருப்பதில்லை, திட்டம் 1969 முதல் இருக்கிறது. ஆள் நிலையாக இருக்கத் தேவையில்லை. நாளும் நேரமும் பதிவேடும் நிலையாக இருந்தால் போதும். சொல்லப்போனால், நிலம் விற்ற காசைப் பங்கு பிரிப்பதில் பகை சேர்த்துக்கொண்ட ஊரில், எந்தப் பங்காளிக்கும் வேண்டாதவராக இல்லாத வெளியூர்க்காரர் கணக்குப் புத்தகத்தைப் பிடிப்பது சௌகரியமும்கூட.

நேரமில்லை என்பது இதைவிடக் கனமான மறுப்பு. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனது, ஓவர்டைமும் பஸ் பயணமும் போகவில்லை. அப்படிப்பட்டவரிடம் வாரம் மூன்று மணி நேரம் சேறு அள்ளு என்று கேட்பது கொடுமை. ஆனால் நான் கேட்பது உழைப்பை அல்ல. அவர் நடக்க வேண்டும், அவ்வளவுதான். நடக்கும்போது கண்ணில் பட்டதை ஒரு படம் எடுத்து, குழுவின் வாட்ஸ்அப்பில் இடமும் நேரமும் குறித்துப் போட வேண்டும். இதற்கு ஈடாக அவருக்குக் கிடைக்க வேண்டியவை சில உண்டு. ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்குக் கரையில் இருட்டிய பின் கொஞ்ச நேரமாவது விளக்கு வேண்டும், ஒரு கழிப்பறை வேண்டும், இரண்டு பக்கமும் வெளியேறும் வழி வேண்டும். இவை இல்லாத கரையில் பெண்கள் நடக்க மாட்டார்கள். பெண்கள் நடக்காத கரை குடிகாரர்களுக்குப் போய்ச் சேரும். இரவு முழுக்கக் கண்ணைப் பறிக்கும் விளக்கு வேண்டாம், பறவைகளுக்கும் தூக்கம் உண்டு.

‘இத்தனை கம்பெனிகள் இருக்கின்றனவே, அவர்களே செய்யட்டும்’ என்பது எளிதாக வரும் யோசனை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அதில் சேரும். பணத்தை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: கட்டுவதற்கு வரும், காப்பதற்கு வராது. வளைவும் பெயர்ப்பலகையும் செல்ஃபி மேடையும் எழும்பும். ஐந்தாவது வருஷம் உடைந்த பெஞ்சுக்குப் பலகை மாற்ற ஆள் இருக்காது. நிறுவனத்திடம் கேட்க வேண்டியது வேறு: பத்து வருஷத்துக்கு இரண்டு பராமரிப்பாளர்களின் சம்பளம். இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம். தொழிலாளி கரைக் குழுக் கூட்டத்துக்குப் போக மாதத்தில் இரண்டு மணி நேர அனுமதி. பெயர்ப்பலகையில் இடம் பெறாத உதவி என்பதால் இது கிடைப்பது கடினம்.

எல்லாவற்றிலும் கூர்மையான ஆட்சேபம் ஏழைகளின் பக்கமிருந்து வருகிறது. நீர்நிலையை அழகாக்கும் திட்டம் எங்கே வந்தாலும் அங்கிருந்த குடிசைகள் போகின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. 2024–25 பட்ஜெட்டில் அடையாற்றுச் சீரமைப்புக்கு அரசு–தனியார் பங்களிப்பில் 1,500 கோடி ரூபாய் என்று அறிவித்தபோது இந்த அச்சம் மறுபடி எழுந்ததில் வியப்பில்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஏரிக்குள் கான்கிரீட் கொட்டி நீர்ப்பரப்பைக் குறைத்துப் போடும் நடைபாதையும், ஆளைத் துரத்திவிட்டுப் போடும் நடைபாதையும் எனக்கு வேண்டாம். இருக்கிற கரையின் தலையில், இருக்கிற மண்ணில், மழைக்காலத்தில் பொறியாளரின் ஜீப் போவதற்கும் இடம் விட்டுப் போடுகிற பாதை போதும். செலவு குறைவு. கரையோரம் வாழும் குடும்பங்களிலிருந்தே பராமரிப்பாளர்களை எடுத்தால், பாதையால் அவர்கள் துரத்தப்படுவதற்குப் பதிலாகப் பாதைக்கு அவர்கள் பொறுப்பாளர் ஆவார்கள்.

கம்பன் கால்வாயைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். பரந்தூர் விமான நிலையத்துக்கென்று குறித்த நிலத்தின் ஊடாக அது போகிறது. அந்த விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் நடத்திவரும் போராட்டத்தில் ஏரிகளின் பேச்சும் கால்வாயின் பேச்சும் அடிக்கடி அடிபடுகின்றன. அந்த விவகாரத்தில் எந்தப் பக்கம் ஒருவர் நின்றாலும், மேலே கால்வாய் திசைமாறினால் கீழே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையில் போட்ட பாதை வறண்ட பள்ளத்தைப் பார்த்தபடிதான் ஓடும். நடைபாதைக் குழு அரசியல் பேசக் கூடாது என்பார்கள். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத குழு பெஞ்சுக்கு வர்ணம் அடிப்பதோடு நின்றுவிடும்.

தொடங்குவதற்குப் பெரிய ஆணை எதுவும் தேவையில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். முதலில் தன் ஊர்க்கரை யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்றைக்கு ஒரு தீர்மானம் வைக்கலாம்: இன்ன ஏரியின் கரையில் இன்ன மதகிலிருந்து கலங்கல்வரை நடைபாதை, ஆறு பேர் குழு, அதில் மூன்று பேர் ஊரில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்கள், அந்த மூவரில் இருவராவது பெண்கள், பதவி ஓராண்டு, வரவு–செலவை மாதம் ஒரு முறை கரையில் தட்டி எழுதி வைக்க வேண்டும், கணக்கு வைக்காதவர் அடுத்த முறை நிற்க முடியாது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத வாடகைக்காரர்களுக்குக் கிராம சபையில் வாக்கு இல்லை. அதனால் இந்தத் தீர்மானத்தை அவர்களுக்காகச் சொந்த வீட்டுக்காரர்கள்தான் கை தூக்கி நிறைவேற்றியாக வேண்டும். அவர்களுடைய மாடி அறைகளின் வாடகை வருவதும் அந்தத் தொழிலாளர்களிடமிருந்துதான் என்பதைக் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொன்னால் கைகள் கொஞ்சம் சீக்கிரம் உயரும்.